கலத்தைக் கரைகின்ற விளக்கம்

கடல் இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்தவள் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் தோழியர் சிலர் நகைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். சங்கரன்கோவிலிலிருந்து கடலைக் காண வேண்டுமானால் பேருந்தில் நெடுநேரம் உட்கார வேண்டும். நமக்குத் தெரிந்ததெல்லாம் கரிசல் காடும், பிச்சிப்பூ மூட்டைகளும், தறிகளின் ஓசையும், ஆடித்தபசுக் கூட்டமும்தாம். ஆயினும் கடலோரத்தில் இருக்கும் பள்ளிகளைவிட நம் பள்ளியில்தான் இந்தச் சொல் அதிகமாகச் செலவாகிறது என்று நான் துணிந்து கூறுவேன். சென்ற ஆண்டு விழாவில் விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது முறை! அவற்றில் மூன்று என்னுடையவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் வரவேற்புரை எழுதிப் படித்தவள் நானே. விழாத் தலைவர் ஒரு கலங்கரை விளக்கம், சிறப்பு விருந்தினர் ஒரு கலங்கரை விளக்கம், பரிசு வழங்க வந்தவர் மற்றுமொரு கலங்கரை விளக்கம். மூன்று விளக்கங்கள் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தால் வருகின்ற கப்பல் எந்தத் துறைக்குள் நுழையும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அது மட்டுமா? சொல்லுக்குப் பொருளும் கூறினேன். "கலங்கி நிற்பவர்க்குக் கரை காட்டுவதால் கலங்கரை விளக்கம்" என்று குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டல் எழுந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் தமிழ் வகுப்பில் எங்கள் தமிழம்மா என்னைத் திட்டவில்லை. வகுப்பு முழுவதையும் பார்த்து, "குயில்?" என்றார்கள். "கூவும்!" என்றோம். "மயில்?" "அகவும்!" "காகம்?" "கரையும்!" நான்காம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்த மரபுச் சொற்கள் அல்லவா? நாற்பது குரலும் ஒன்றாக எழுந்தன. உடனே தமிழம்மா, "அப்படியானால் கலங்கரை?" என்றார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. என் காது மட்டும் சூடாகிவிட்டது.

கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். கலம் என்பதோடு கரை என்ற வினை சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிந்து கலங்கரை ஆகிறது. கலத்தைக் கரைகின்ற விளக்கம், அதாவது கப்பலைக் கூப்பிடுகின்ற விளக்கு என்பதே பொருள். இதில் கடற்கரையும் இல்லை, கலங்குதலும் இல்லை. என்னைப்போல் கலங்கு என்று பிரிப்பவர்களும், கலம் வந்து சேரும் கரை என்று பிரிப்பவர்களும் பலர் இருக்கிறார்கள். அவை கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம் முன்னோர் அந்தப் பொருளில் சொல்லவில்லை.

இதற்குச் சான்று வேண்டுமே என்று நூலகத்தில் தேடினேன். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கிடைத்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பாட்டு அது. காஞ்சிக்குப் போகும் வழியில் நீர்ப்பெயற்று என்ற பட்டினம் வருகிறது. அங்கே வானத்துக்கு முட்டுக்கொடுத்த தூணைப் போல ஓர் உயர்ந்த மாடம். அதில் ஏறுவதற்கு ஏணி சாத்தியிருக்கிறார்கள். கூரை வேயாத உச்சியில் இரவில் தீ மூட்டுகிறார்கள். அந்தத் தீ என்ன செய்கிறது என்று சொல்லும் இடத்தில் கலம் என்ற சொல்லும் கரையும் என்ற வினையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அதைக் கண்டபோது, தொலைத்த பேனாவைப் பெஞ்சுக்கு அடியில் கண்டெடுத்ததுபோல் இருந்தது எனக்கு.

அந்த இடத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை இன்னும் சுவையானது. வழி தப்பி வேறொரு துறையை நோக்கி ஓடும் கலங்களை, இது நம் துறை என்று சொல்லி அந்த விளக்கு அழைக்கிறதாம். தோழியரே, இதில் நம் என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். எம் என்றால் எங்களுடையது, கேட்பவருக்கு அதில் பங்கில்லை. நம் என்றால் கேட்பவரையும் உளப்படுத்தியது. இலக்கண வகுப்பில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று படித்து மதிப்பெண் வாங்குகிறோம். இருட்டில் திசை தெரியாமல் மிதக்கும் ஒருவன் காதில் அது விழுந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

சிலப்பதிகாரத்தில் கலங்கரை விளக்கம் என்ற முழுச் சொல்லே வருகிறது. 1892-இல் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அடியார்க்குநல்லார் உரையோடு பதிப்பித்தார். கடலாடு காதையில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்குப் போகும்போது, இரவில் மணற்பரப்பில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். சாந்தும் பூவும் விற்பவர் விளக்கு, கைவினை செய்யும் கம்மியர் விளக்கு, பிட்டு விற்பவர் விளக்கு, அப்பம் சுடுபவர் விளக்கு, மீன் விற்பவர் விளக்கு. அதற்கு அடுத்துத்தான் கலங்கரை விளக்கம்! அதைத் தொடர்ந்து மீன்பிடிக்கப் போன பரதவர் படகு விளக்கு, வேற்று மொழி பேசும் நாட்டினர் விளக்கு, பண்டங்களுக்குக் காவல் இருப்பவர் விளக்கு. அதற்கென்று தனி மேடையும் இல்லை, பொன்னாடையும் இல்லை. மீன்காரியின் விளக்குக்கும் படகு விளக்குக்கும் நடுவில், இரவெல்லாம் உழைக்கும் விளக்குகளுள் ஒன்றாக அது எரிகிறது. நம் மேடைகளில் நாம் அதை வைத்திருக்கும் இடத்தை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

அகநானூற்றிலும் மாடத்து எரியைக் கண்டு பக்கம் அறிந்து மரக்கலத்தைச் செலுத்தும் நீகான் ஒருவன் வருகிறான். நீகான் என்றால் மாலுமி. இந்த அழகான சொல்லையும் நாம் தொலைத்துவிட்டோம், அது வேறு கதை.

பிறர் இதை எப்படி அழைக்கிறார்கள் என்றும் பார்த்தேன். ஆங்கிலத்தில் விளக்கு வீடு என்ற பொருளில் லைட் ஹவுஸ். எகிப்தில் அலெக்சாந்திரியா நகருக்கு எதிரே பாரோஸ் என்றொரு தீவு. அங்கே கட்டிய விளக்குக் கோபுரம் பழைய உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று. அந்தத் தீவின் பெயரிலிருந்தே பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் தங்கள் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து மலையாளத்தில் விளக்குமாடம். இலங்கைத் தமிழர் வெளிச்சவீடு என்கிறார்கள், அதுவும் எனக்குப் பிடித்தமான சொல்தான். இவையெல்லாம் அது என்ன கட்டடம் அல்லது எங்கே இருந்தது என்று சொல்கின்றன. நம் பழைய சொல்லோ அது செய்யும் வேலையைச் சொல்கிறது. விளக்குக்கு ஒரு வாயைக் கொடுத்துவிட்டது.

விளக்குக்கு வாய் ஏது, இது வெறும் புலவர் கற்பனை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் தாத்தாவிடம் கேட்கும் வரை.

என் அம்மா பிறந்த ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. தாத்தா நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர்கள். காலாண்டு விடுமுறையில் போனபோது பெருமையாகக் கேட்டேன், "தாத்தா, உங்களுக்குக் கலங்கரை விளக்கம் தெரியுமா?" தாத்தா வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது என்னட்டி அது?" என்றார்கள். விளக்கிச் சொன்னேன். "லைட்டவுசுன்னு சொல்லேன். அதுக்கு ஏன் இம்புட்டுப் பெரிய பேரு?" என்று சிரித்தார்கள். சங்க காலச் சொல்லைக் கடற்கரையிலேயே யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஏமாற்றம்தான். பிறகு தாத்தாவே சொன்னார்கள்.

"ஒவ்வொரு லைட்டவுசும் ஒவ்வொரு மாதிரி சிமிட்டும் பாத்துக்க. ஒண்ணு விட்டு விட்டு ஒரு தடவை அடிக்கும். இன்னொண்ணு சடசடன்னு ரெண்டு தடவை அடிச்சுட்டு அமந்துரும். நாங்க வாய்க்குள்ளயே எண்ணுவோம். எண்ணி முடிச்சா எந்த ஊருன்னு தெரிஞ்சு போகும். பகல்ல மாதா கோயில் கோபுரம், ராத்திரி அது."

எண்ணினால் ஊர் தெரியும்! இது கற்பனை அன்று. உலகெங்கும் அருகருகே உள்ள கலங்கரை விளக்கங்கள் ஒன்றைப் போல் மற்றொன்று சிமிட்டாதபடி அமைக்கிறார்கள். எத்தனை ஒளிக்கீற்று, எத்தனை வினாடி இடைவெளி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. மாலுமிகளின் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். பகலில் அடையாளம் தெரிய நிறம் பூசுகிறார்கள். சென்னை மெரினாவில் இருப்பது சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால்தானே கதவுக்கு வெளியே கூப்பிடுவது அம்மாவா அத்தையா என்று அறிகிறோம்? விளக்குக்கும் அவ்வாறே. உருத்திரங்கண்ணனார் கரையும் என்று சொன்னது எவ்வளவு பொருத்தம்!

சென்னையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1796-இல் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். 1844-இல் அதற்கென்று ஒரு கல்தூண் எழுந்தது, அது இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894-இல் உயர்நீதிமன்றத்தின் குவிமாடத்து உச்சிக்கே விளக்கு போனது. 1977-இல்தான் மெரினாவுக்கு வந்தது. அதில் மின்தூக்கி உண்டு, 2013 முதல் பொதுமக்களை மீண்டும் மேலே போக விடுகிறார்கள். மின்தூக்கியில் ஏறும்போது எனக்கு நீர்ப்பெயற்றின் ஏணிதான் நினைவுக்கு வந்தது. அந்த ஏணியில் தினந்தோறும் விறகு சுமந்து ஏறியவர் யார்? பாட்டில் மாடம் இருக்கிறது, ஏணி இருக்கிறது, தீ இருக்கிறது. ஏறிய ஆளைக் காணோம். மழைக்காலத்தில் நனைந்த விறகை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடுபட்டிருப்பார்!

பிற்காலத்தில் கல்கி அந்தக் குறையைத் தீர்த்தார் என்பேன். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த பொன்னியின் செல்வனில் கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் தியாகவிடங்கருக்கு ஒரு வீட்டையும் குடும்பத்தையும் கொடுத்தார். பூங்குழலி அவருடைய மகள்தானே? கோடியக்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய செங்கல் விளக்குக் கோபுரம் உண்மையிலேயே இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அது இடிந்து, அடிப்பகுதி மட்டும் எஞ்சியது.

மீண்டும் தாத்தா வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சி, "லைட்டவுசு ஊரைத்தான் காட்டும், வீட்டைக் காட்டுமா?" என்றார்கள். அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் ஐப்பசி இரவில் மழையும் காற்றும் அடித்தனவாம். தாத்தாவின் வள்ளம் திரும்பவில்லை. மழைத் திரையில் தூரத்து வெளிச்சம் மங்கிப் போயிற்று. ஆச்சியும் பக்கத்து வீட்டுப் பெண்களும் காய்ந்த பனையோலையைக் கட்டிப் பந்தம் கொளுத்திக்கொண்டு அலை வாய்க்குப் போனார்கள். பந்தம் அணைந்து அணைந்து போயிற்று. ஒருத்தி பந்தத்திலிருந்து மற்றவள் பற்றவைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுக்காரர் வள்ளத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். "கூப்பிட்டமா அழுதமான்னு எங்களுக்கே தெரியல" என்றார்கள் ஆச்சி. விடியும் முன் வள்ளம் வந்தது.

கரைதல் என்ற சொல்லுக்கு அழைத்தல் என்றும் அழுதல் என்றும் இரு பொருளும் உண்டு. மலையாளத்தில் இன்றும் கரைவது என்றால் அழுவதுதான். அகராதியில் தனித்தனி எண்ணிட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆச்சி சொன்ன பிறகு அந்த இரண்டு எண்களும் எனக்கு ஒன்றாகிவிட்டன. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது குமரிக் கடற்கரையில் நாள்கணக்கில் காத்திருந்த தாய்மாரைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அப்போது எனக்கு அறியாப் பருவம். அங்கேயும் கலங்கரை விளக்கங்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. எவ்வளவு பெரிய விளக்காயினும் எட்டாத தொலைவு என்று ஒன்று உண்டு.

இன்று என் மாமாவின் படகில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. கைபேசியும் இருக்கிறது. ஆனாலும் கரை நெருங்கும்போது கண் அந்த வெளிச்சத்தைத்தான் தேடும் என்கிறார். கருவி நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும், கூப்பிடாது என்பது அவர் கட்சி.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். உயரத்தில் இருக்கிறார், ஒளி வீசுகிறார், புகழ் பெற்றவர் என்பதற்காக ஒருவரைக் கலங்கரை விளக்கம் என்று அழைப்பது அந்தச் சொல்லைப் பாழாக்குவது என்று நான் நினைக்கிறேன். உயரமும் ஒளியும் நிலாவுக்கும் உண்டு. நிலா யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொற்கள் மாறும், பொருள் விரியும், மொழி என்றால் அப்படித்தான் என்று என் அண்ணன் வாதாடுகிறான். ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பியோ விளக்கம் என்றால் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுவது என்று நினைத்துக்கொண்டிருந்தான்! முற்காலத்தில் விளக்கையே விளக்கம் என்றார்கள் என்று சொன்னால் அவனுக்கு நம்பிக்கை இல்லை. அண்ணன் சொல்வதை நான் முழுதும் மறுக்கவில்லை. உருவகமாகச் சொல்லட்டும். ஆனால் யாரையாவது கூப்பிட்டவருக்கே அந்தப் பெயரைக் கொடுக்கட்டும் என்கிறேன். அந்த அளவுகோலை வைத்தால் விடுதியில் காலை நாலரை மணிக்கு விளக்கைப் போட்டு, ஒவ்வொரு கட்டிலாக வந்து பெயர் சொல்லி எழுப்பும் சகோதரிக்குத்தான் முதல் இடம். அந்த நேரத்தில் நாங்கள் அவர்களுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

இதை இவ்வளவு வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒருத்தி காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. அவள் அம்மாவுக்கு உடல்நலம் இல்லை, வீட்டில் தறிக்குத் தார் சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டோம். அவள் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான். வரவேற்புரையில் எங்கள் பள்ளியே ஒரு கலங்கரை விளக்கம் என்று அடுக்கிய நான் ஆறு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. கலங்கரைக்குப் பொருள் சொன்ன அன்றே தமிழம்மா வகுப்பு முடிந்து வெளியே போகும்போது, அவளுடைய காலி இடத்தைப் பார்த்து, "இவளை யாராவது போய்க் கூப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள். தமிழம்மா இருமுறை போய் வந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் போனோம். நடைவாசலில் ராட்டையின் முன் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளைச் சேலையில் பார்த்தது அதுவே முதல் முறை. என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேடையில் அத்தனை சொல் எனக்கு எங்கிருந்து வந்ததோ, அங்கே ஒன்றும் வரவில்லை. "அறிவியல் நோட்டு உனக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்" என்றேன். அது பொய். அன்று இரவும் ஞாயிறும் உட்கார்ந்து எழுதி உண்மையாக்கினேன். அவள் அம்மா படுக்கையிலிருந்தே, "பிள்ளைகளுக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுட்டி" என்றார்கள். காப்பி ஆறும் வரை அவள் கேட்டதெல்லாம் கணக்கில் எந்தப் பாடம் நடக்கிறது, தன் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான். யாரும் உட்காரவில்லை என்றோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நோட்டை மட்டும் கொண்டுவரச் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை கொடுத்துவிட்டு வந்தோம். அதற்கு அடுத்த வாரம் போனபோது, முதல் இரண்டு பாடங்களின் கேள்விகளுக்கு விடை எழுதி வைத்திருந்தாள். திருத்தித் தருமாறு தமிழம்மாவிடமும் அறிவியல் ஆசிரியையிடமும் கொடுத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமையும் போகிறோம்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி